லினக்ஸ் லேப்டாப்பில் திரை கறுப்பாகவே நிற்கிறதா? ஃபார்மட் போடும் முன் இதைச் செய்து பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட மனமில்லாமல் லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ (இரண்டும் லினக்ஸ் என்ற இலவச ஓ.எஸ்.-இன் வகைகள்) போட்டுக்கொண்டவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள், டியூஷன் எடுப்பவர்கள், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள் என்று பலவகை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களிலும் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ வந்த லேப்டாப்பை இன்றும் தம்பி தங்கைகள் ஓட்டிக்கொண்டிருக்கிற வீடுகள் உண்டு.

இவர்களில் பலருக்கும் ஒருநாள் இது நடக்கும். பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"அண்ணே, ஆன் பண்ணா டிஸ்ப்ளே வரல."

"லினக்ஸாப்பா? விடு, ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏத்தித் தரேன்."

"உள்ள ப்ராஜெக்ட் ஃபைல் எல்லாம் இருக்குண்ணே."

"அதெல்லாம் போயிருக்கும் தம்பி."

போயிருக்காது. திரை கறுப்பாக இருப்பதற்கும் உங்கள் ஃபைல்களுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. ஃபைல்கள் டிஸ்க்கில் அப்படியேதான் இருக்கும். படத்தைத் திரைக்குக் கொண்டுவருகிற வேலை எங்கோ ஓரிடத்தில் நின்றிருக்கும். ஃபார்மட் போட்டால்தான் அவை உண்மையிலேயே போகும். அதனால் அந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்து பாருங்கள். பாதிப் பேருக்குக் கடைக்கே போக வேண்டி வராது என்பது என் நம்பிக்கை.

முதலில்: எந்த இடத்தில் இருண்டது?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பிய பஸ் வந்து சேரவில்லை என்றால், அது ரெட்டிச்சாவடியில் நிற்கிறதா, கன்னியக்கோயிலில் நிற்கிறதா, அரியாங்குப்பம் வரை வந்துவிட்டதா என்று தெரிந்தால்தானே ஆள் அனுப்ப முடியும். லேப்டாப் கிளம்புவதும் நிறுத்தம் நிறுத்தமாகத்தான். பட்டனை அழுத்தியதும் மதர்போர்டில் இருக்கும் பயாஸ் விழிக்கிறது. டெல், ஹெச்பி, லெனோவா என்று கம்பெனி லோகோவைக் காட்டுவது அதுதான். அது க்ரப் என்ற சிறிய நிரலைக் கூப்பிடுகிறது. க்ரப் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எடுத்து நினைவகத்தில் வைக்கிறது. கெர்னல் டிஸ்க், கீபோர்டு, கிராபிக்ஸ் எல்லாவற்றையும் அடையாளம் கண்டு எழுப்புகிறது. பிறகு சிஸ்டம்டி என்ற நிரல் பின்னணிச் சேவைகளை ஒவ்வொன்றாகத் தொடங்குகிறது. கடைசியாக டிஸ்ப்ளே மேனேஜர் பாஸ்வேர்டு கேட்கும் திரையைக் கொண்டுவருகிறது.

ஒருமுறை முழுதாக அணைத்துவிட்டு, மீண்டும் ஆன் செய்து, கவனமாகப் பாருங்கள். கம்பெனி லோகோ வந்ததா? அதற்குப் பிறகு ஏதாவது எழுத்து ஓடியதா? இடது மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் சிமிட்டுகிறதா? பாஸ்வேர்டு போட்ட பிறகுதான் இருண்டதா? அப்படியே கேப்ஸ் லாக் விசையை அழுத்தி, அதன் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். அணைந்து எரிந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, திரை மட்டும்தான் வரவில்லை. விளக்கு அசையவே இல்லை என்றால் பெரும்பாலும் எல்லாமே உறைந்துவிட்டது. பார்த்ததை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாம் இதை வைத்துத்தான்.

லோகோவே வரவில்லை என்றால்

அப்படியானால் இது லினக்ஸ் கோளாறு இல்லை. லினக்ஸ் இன்னும் மேடைக்கே வரவில்லை. இந்த நிலையில் ஓ.எஸ். மாற்றிப் போட்டால் ஒரு பயனும் கிடையாது. யாராவது அப்படிச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி தனியாகக் கழன்று வரும் மாடல் என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரத்தால் உறைந்துபோன போர்டுகள் இதிலேயே எழுந்துவிடுவது உண்டு.

அதற்கும் அசையவில்லை என்றால் அடுத்த சந்தேகம் ரேம் மீது. நம் ஊர்க் கடற்காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை மாதிரி கரையோரத்தில் ஜன்னல் பக்கம் மேஜை போட்டிருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கேட் கம்பி துருப்பிடிக்கிற வேகமே தெரியும். ரேமின் தொடுமுனைகளில் மெல்லிய படலம் படிந்து தொடர்பு அறுந்துவிடும். அடிமூடியைத் திறக்கத் தெரிந்தவர்கள் பேட்டரி இணைப்பை முதலில் விடுவித்துவிட்டு, ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்தத் தங்க நிற முனைகளை மெதுவாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டு, கிளிக் என்று சத்தம் வரும்படி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள். திறந்து பழக்கமில்லாதவர்கள் கடையில் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் "ரேமைக் கழட்டி மாட்டிப் பாருங்க, டிஸ்க்கைத் தொடாதீங்க" என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள்.

லோகோ வருகிறது, அப்புறம் கறுப்பு

இங்கேதான் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கெர்னலைத் தொடும் முன் சில எளிய விஷயங்களைத் தீர்த்துக்கொள்ளலாம்.

பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப் என்றால் ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். முந்தைய முறை சரியாக அணைக்காமல் விட்டிருந்தால் லினக்ஸ் டிஸ்க்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்கலாம். டிஸ்க் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது.

வெளிச்சம் கூட்டும் விசையை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் எஃப்என் விசையோடு சூரியன் படம் போட்ட விசை. கேட்கவே எளிமையாக இருக்கும், ஆனால் வெளிச்சம் பூஜ்யத்துக்கு இறங்கிக் கிடந்த லேப்டாப்கள் கடைவரை போய் வந்திருக்கின்றன. பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால் படம் வந்துவிட்டது, பின்விளக்குதான் எரியவில்லை. டிவி பக்கத்தில் இருந்தால் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகிப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் லேப்டாப் பேனலையோ, அதற்குப் போகும் கேபிளையோ, பின்விளக்கையோதான் பார்க்க வேண்டும்.

இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தீர்களா? அப்படியானால் அந்தக் கறுப்புத் திரை உங்கள் பாஸ்வேர்டுக்காகக் காத்திருக்கலாம். கேட்கும் கட்டம் மட்டும் வரையப்படாமல் போயிருக்கும். எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டிப் பாருங்கள், எழுத்துத் திரை வரலாம். வராவிட்டாலும் பாஸ்வேர்டைத் தட்டி எண்டர் கொடுத்துப் பாருங்கள்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3

இந்த மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துவது, கறுப்புத் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் எவரும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது. சில லேப்டாப்களில் எஃப்என் விசையையும் கூடவே பிடிக்க வேண்டும். லினக்ஸ் உள்ளே ஓடிக்கொண்டிருந்தால், வெறும் எழுத்துத் திரை ஒன்று வந்து லாகின் என்று கேட்கும். பயனர் பெயரைத் தட்டுங்கள், பிறகு பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு தட்டும்போது புள்ளிகூடத் தெரியாது, அது இயல்பு. தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் இந்தத் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். அவை கெட்டுப்போகவில்லை, இந்த எளிய திரைக்குத் தமிழ் எழுத்துகளை வரையத் தெரியாது, அவ்வளவுதான்.

உள்ளே வந்துவிட்டால் மூச்சு விடலாம். உங்கள் கணினி நலமாக இருக்கிறது. இனி காரணம் தேடுவதுதான் வேலை.

முதல் கட்டளை: டிஎஃப் -எச். (இங்கே தமிழில் எழுதியிருக்கும் கட்டளைகளையெல்லாம் ஆங்கில எழுத்தில் தட்டி எண்டர் கொடுக்க வேண்டும்.) டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும். சாய்வுக்கோடு மட்டும் போட்டிருக்கும் வரியில் 100% என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. இடமே இல்லாத டிஸ்க்கில் லாகின் திரை எழாமல் போகலாம். சூடோ ஏபிடி க்ளீன் என்று கொடுத்தால் (சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது, உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும்) இறக்கி வைத்த பழைய பேக்கேஜ்கள் அழியும். பதிவேடுகள் பெருத்திருந்தால் சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=100எம் என்பது அவற்றை 100 எம்பிக்குச் சுருக்கும். பிறகு ரீபூட்.

இடம் இருக்கிறது, ஆனால் முந்தைய நாள் அப்டேட் ஓடும்போது கரண்ட் போனதா? பாதியில் நின்ற அப்டேட்டை முடிக்க சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ, அதன்பின் சூடோ ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால். இந்த இரண்டும் பலமுறை மீட்டுத் தருபவை.

இதெல்லாம் சரியாக இருந்தால் டிஸ்ப்ளே மேனேஜரை மட்டும் எழுப்பிப் பாருங்கள். உபுண்டுவில் சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ஜிடிஎம்3. லினக்ஸ் மின்ட்டில் கடைசிச் சொல்லுக்குப் பதில் லைட்டிஎம். அதுவும் எழவில்லை என்றால் ஜர்னல்சிடிஎல் -பி -பி எரர் என்று தட்டுங்கள். இங்கே முதல் 'பி' ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து, அடுத்த 'பி' பதினாறாம் எழுத்து. கடைசிச் சொல் இ-ஆர்-ஆர் என்று மூன்றே எழுத்து. இந்த முறை கிளம்பியதிலிருந்து வந்த பிழைகள் மட்டும் வரும். அதைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள், பின்னால் உதவி கேட்கும்போது இந்தப் படம்தான் பேசும்.

க்ரப் மெனுவைப் பிடிப்பது

கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 வேலை செய்யவில்லை என்றால் ஒரு நிறுத்தம் பின்னால் போக வேண்டும். லினக்ஸ் மட்டும் இருக்கிற லேப்டாப்பில் க்ரப் மெனு தன்னை மறைத்துக்கொள்ளும். பழைய பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ வரும் புதிய லேப்டாப்களில் கம்பெனி லோகோ மறையும் தருணத்தில் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். பழைய பயாஸ் லேப்டாப்களில் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள். எஸ்கேப்பைப் பலமுறை தட்டிவிட்டால் மெனுவையும் தாண்டி க்ரப் என்று எழுதிய வெறும் கட்டளைத் திரைக்குப் போய்விடும். பயப்பட வேண்டாம், நார்மல் என்று ஆங்கிலத்தில் தட்டி எண்டர் கொடுத்து, உடனே ஒரே ஒருமுறை எஸ்கேப் தட்டினால் மெனு வரும். வரவில்லை என்றால் ரீபூட் என்று தட்டி மறுபடி தொடங்குங்கள்.

மெனுவில் இரண்டாவதாக அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று இருக்கும். அதற்குள் போனால் கெர்னல்கள் வரிசையாக இருக்கும், புதியது மேலே. உபுண்டுவும் மின்ட்டும் கெர்னலைப் புதுப்பிக்கும்போது முந்தையதையும் வைத்திருக்கும். நேற்று வரை நன்றாக ஓடியது, அப்டேட் போட்ட பிறகு கறுப்பானது என்றால் அதற்குக் கீழே, எண் குறைவாக இருக்கும் பழைய கெர்னலை (ரிகவரி மோட் என்று போடாத வரியை) தேர்ந்தெடுத்து எண்டர் கொடுங்கள். பலருக்கு விஷயம் இங்கேயே முடிந்துவிடும். அடுத்த அப்டேட்டில் சரியாகும்வரை பழைய கெர்னலிலேயே வேலை பார்க்கலாம்.

பழைய கெர்னலும் கறுப்பா? அல்லது இப்போதுதான் லினக்ஸ் போட்டு முதல்முறை கிளப்புகிறீர்களா? அப்போது தேவைப்படுவது நோமோட்செட். நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை இடைவெளி இல்லாமல் சின்ன எழுத்தில் சேர்த்துத் தட்டினால் அதுதான். செய்முறை இது:

க்ரப் மெனுவில் முதல் வரியில் நின்றுகொண்டு, ஆங்கில இ விசையை (அகரவரிசையில் ஐந்தாவது) அழுத்துங்கள். சில வரிகள் கொண்ட ஒரு எடிட்டர் திறக்கும். அம்பு விசையால் கீழே இறங்கி, லினக்ஸ் என்ற சொல்லில் தொடங்கும் நீளமான வரியைக் கண்டுபிடியுங்கள். அதன் கடைசியில் க்வயட் ஸ்ப்ளாஷ் என்ற இரண்டு சொற்கள் இருக்கும். ஓடும் எழுத்துகளை மறைத்து அழகான படம் காட்டச் சொல்வது அவைதான். அந்த இரண்டையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் நோமோட்செட் என்று தட்டுங்கள். முன்னால் ஓர் இடைவெளி இருக்க வேண்டும். வேறு எதையும் தொடாதீர்கள். பிறகு கன்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து, அல்லது எஃப்10. தவறாக ஏதாவது அழித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் எஸ்கேப் அழுத்தி வெளியேறுங்கள். இங்கே செய்யும் மாற்றம் இந்த ஒரு முறைக்கு மட்டும்தான், எதுவும் சேமிக்கப்படாது.

இது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. திரையின் அளவையும் தெளிவையும் அமைக்கும் வேலையை கெர்னலே கிராபிக்ஸ் டிரைவர் மூலம் செய்கிறது. இன்டெல் சிப்களுக்கு 2009-இல் வந்த 2.6.29 கெர்னலிலிருந்தே இந்த ஏற்பாடு. உங்கள் கிராபிக்ஸ் சிப்புக்கும் டிரைவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த நொடியில்தான் திரை இருளும். "அந்த வேலையை எடுத்துக்கொள்ளாதே, பயாஸ் தந்த எளிய திரையிலேயே ஓட்டு" என்று சொல்வதுதான் நோமோட்செட். அதனால் படம் வரும், ஆனால் எழுத்து பெரிதாக, வீடியோ திக்கித் திணறி, வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடியாமல் இருக்கும். உள்ளே நுழைந்து கோளாறைச் சரிசெய்ய இது போதும். இதையே நிரந்தரமாக வைத்துக்கொண்டு "லினக்ஸ் மெதுவாக இருக்கிறது" என்று முடிவுக்கு வருகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

நோமோட்செட் போட்டும் வரவில்லை என்றால், க்வயட் ஸ்ப்ளாஷ் அழித்திருப்பதால் இப்போது திரையில் எழுத்துகள் ஓடும். எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள், படம் எடுங்கள். அந்தக் கடைசிச் சில வரிகளில்தான் பெரும்பாலும் பதில் இருக்கும்.

உள்ளே நுழைந்துவிட்டீர்கள், நிரந்தரமாகச் சரிசெய்ய

என்விடியா கார்டு உள்ள லேப்டாப் என்றால் காரணம் அநேகமாக அதன் டிரைவர்தான். லினக்ஸோடு வருவது நூவோ என்ற திறந்த டிரைவர். சில கார்டுகளில், முக்கியமாகப் புதியவற்றில், அது தடுமாறும். மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்டது என்று குறித்திருக்கும் என்விடியா டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் பகுதி, அல்லது டெர்மினல் என்ற கட்டளை ஜன்னலில் சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால். என்விடியா தளத்திலிருந்து நேராக இறக்கி ஏற்றுவதைத் தவிருங்கள். அடுத்த கெர்னல் அப்டேட்டிலேயே மறுபடி கறுப்பாக நிற்க நேரலாம்.

செக்யூர் பூட் (அனுமதி இல்லாத நிரல்கள் ஏறாமல் தடுக்கும் பயாஸ் வசதி) ஆனில் இருந்தால், இந்த டிரைவர் ஏற்றும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீபூட் ஆனதும் நீலத் திரை ஒன்று சில விநாடிகள் மட்டும் வரும். என்ன ஏது என்று பார்ப்பதற்குள் பலரும் அதை விட்டுவிடுவார்கள். விட்டுவிட்டால் டிரைவர் ஏறாது. உடனே ஏதாவது ஒரு விசையைத் தட்டி, என்ரோல் எம்ஓகே, கன்டினியூ, யெஸ் என்று போய், அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

2010 வாக்கில் வந்த பழைய என்விடியா கார்டுகளுக்கான 390 வரிசை டிரைவருக்கு 2022 இறுதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. அவற்றுக்கு நூவோவே போதும், அதிலேயே நன்றாக ஓடுபவை நிறைய.

இன்டெல் கிராபிக்ஸ் மட்டும் உள்ள லேப்டாப்பில் திரை வருவதும் போவதுமாக மின்னினால், க்ரப் எடிட்டரில் நோமோட்செட்டுக்குப் பதில் ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0 என்று போட்டுப் பாருங்கள். பேனல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதியை அது நிறுத்தும். டார்ச் அடித்தபோது மங்கலாகப் படம் தெரிந்ததே, அவர்கள் ஏசிபிஐ_பேக்லைட்=வெண்டார், அல்லது கடைசிச் சொல்லுக்குப் பதில் நேட்டிவ் என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஒன்றிலும் வெளிச்சம் வரவில்லை, பயாஸ் திரையும் மங்கலாகவே இருக்கிறது என்றால் அது ஹார்டுவேர், கடைக்குத்தான் போக வேண்டும்.

எந்தச் சொல் வேலை செய்ததோ அதை நிலைநிறுத்த, ஈடிசி கோப்புறைக்குள் இருக்கும் டீஃபால்ட் என்ற கோப்புறையில் க்ரப் என்ற ஃபைலை சூடோ நானோ மூலம் திறந்து, க்வயட் ஸ்ப்ளாஷ் இருக்கும் மேற்கோள் குறிகளுக்குள் அந்தச் சொல்லைச் சேருங்கள். சேமித்துவிட்டு சூடோ அப்டேட்-க்ரப் கொடுக்க மறக்காதீர்கள். இந்தக் கட்டளை ஓடாமல் அந்த மாற்றம் நடைமுறைக்கு வராது. அதே ஃபைலில் க்ரப்_டைம்அவுட்_ஸ்டைல் என்ற வரியை மெனு என்றும், க்ரப்_டைம்அவுட்டை 5 என்றும் மாற்றி வைத்தால், இனி ஒவ்வொரு முறையும் மெனு ஐந்து விநாடி தெரியும்.

கரண்ட் போன பிறகு வரும் கறுப்பு

2011 தானே புயலும் 2024 ஃபெஞ்சல் புயலும் நம் கரையில்தான் ஏறின. புயல் இல்லாத நாளிலும் கரண்ட் போய்ப் போய் வரும் தெருக்கள் இருக்கின்றன. பேட்டரி செத்து, சார்ஜரிலேயே நேரடியாக ஓடும் லேப்டாப்பில் கரண்ட் போவது டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும் கையைப் பாதியில் பிடுங்குவதுதான். மறுமுறை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இனிட்ராம்எஃப்எஸ் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் நிற்கும்.

அதற்குச் சற்று மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். டிஸ்க்கின் பகுதி பெயரும், எஃப்எஸ்சிகே (டிஸ்க்கைச் சரிபார்த்துத் திருத்தும் நிரல்) ஓட்டும்படி ஒரு அறிவுறுத்தலும் இருக்கும். எஃப்எஸ்சிகே -ஒய், ஓர் இடைவெளி, பிறகு அங்கே காட்டிய அதே பெயர் (சாய்வுக்கோடு டெவ் சாய்வுக்கோடு எஸ்டிஏ2 என்பது போல) என்று தட்டி எண்டர் கொடுங்கள். சரிசெய்து முடித்ததும் ரீபூட். அநேகமாக நேராக டெஸ்க்டாப்புக்கே வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஐ/ஓ எரர் என்று வரி வரியாக வந்தாலோ, டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள். டிஸ்க் சாகப்போகிறது. இருக்கிற உயிரை ஃபைல்களை வெளியே எடுக்கப் பயன்படுத்துங்கள்.

லேப்டாப் உறைந்து நின்றால் பவர் பட்டனை அழுத்திக் கொல்வதற்கு முன் இன்னொரு வழியும் உண்டு. ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்க்ரீன் விசையையும் பிடித்துக்கொண்டு, எஸ், யு, பி (ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து) என்று ஒவ்வொன்றாக, நடுவில் இரண்டு விநாடி விட்டுத் தட்டுங்கள். எழுதாமல் மிச்சம் இருப்பதை டிஸ்க்கில் எழுதி, டிஸ்க்கைப் பூட்டி, பிறகு ரீபூட் ஆகும். உபுண்டுவில் இந்த மூன்றும் அனுமதிக்கப்பட்டே இருக்கின்றன.

பாஸ்வேர்டு போட்ட பிறகு கறுப்பு

மவுஸ் அம்பு மட்டும் தெரிகிறது, அல்லது பாஸ்வேர்டு போட்டதும் மறுபடி பாஸ்வேர்டு திரைக்கே வருகிறது. இங்கே கெர்னல், டிரைவர் எல்லாம் பெரும்பாலும் சரி. உங்கள் கணக்கின் அமைப்புதான் குழம்பியிருக்கும். எழுத்துத் திரைக்குப் போய் முதலில் டிஎஃப் -எச் பாருங்கள். பிறகு சூடோ ஆட்யூசர் போட்டு ஒரு புதிய பயனரை உருவாக்கி அதில் நுழையுங்கள். அதில் டெஸ்க்டாப் வந்தால், பழைய கணக்கில் ஹோம் கோப்புறையின் மறைவு ஃபைலான .எக்ஸ்ஆத்தாரிட்டி, ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்து, அதன் பெயரை மாற்றி வைத்துவிட்டு மறுபடி நுழையுங்கள். சூடோ போட்டு ஜன்னல் நிரல்களைத் திறக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது வரும்.

எதுவுமே நடக்கவில்லை: லைவ் பென் டிரைவ்

உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டுவதுதான் லைவ். அதற்கு 8 ஜிபி பென் டிரைவ் போதும். நண்பரின் கணினியில் லினக்ஸ் மின்ட் ஐஎஸ்ஓவை (முழு ஓ.எஸ்.-உம் அடங்கிய ஒற்றை ஃபைல்) இறக்கி, வென்டாய் அல்லது ரூஃபஸ் என்ற நிரலை வைத்து பென் டிரைவில் ஏற்றுங்கள். அதில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் செருகி, ஆன் செய்தவுடன் பூட் மெனு விசை: டெல், லெனோவாவில் எஃப்12, ஹெச்பியில் எஸ்கேப் தட்டி பிறகு எஃப்9, ஏசஸில் எஸ்கேப், ஏசரில் எஃப்12 (அதை முதலில் எஃப்2 அழுத்தி பயாஸில் இயக்க வேண்டியிருக்கும்). மின்ட் மெனுவில் கம்பேட்டிபிலிட்டி மோட் என்றும், உபுண்டுவில் சேஃப் கிராபிக்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும். கறுப்புத் திரைப் பிரச்சினை உள்ளவர்கள் அதையே தேர்ந்தெடுங்கள்.

டெஸ்க்டாப் வந்ததும் இன்ஸ்டால் ஐகானைத் தொட வேண்டாம். ஃபைல் மேனேஜரைத் திறந்து, இடது பக்கம் உங்கள் டிஸ்க்கைச் சொடுக்கி, ஹோம் கோப்புறைக்குள் போங்கள். உங்கள் பெயரில் ஒரு கோப்புறை. அதற்குள் ப்ராஜெக்ட், கல்யாண ஃபோட்டோ, சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் இருக்கும். பூட்டுப் படம் காட்டினால் மின்ட்டில் வலது சொடுக்கில் ரூட்டாகத் திற என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்து, இரண்டு மூன்று ஃபைலைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபேட்32 பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. அதன்பின் ஃபார்மட் போட்டாலும் நஷ்டமில்லை.

உதவி கேட்கும்போது

புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும், பக்கத்து விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவும் இருக்கின்றன. தமிழிலேயே கேட்கலாம். "ஸ்க்ரீன் வரல, என்ன பண்றது?" என்று மட்டும் அனுப்பினால் எந்த அண்ணனாலும் அக்காவாலும் பதில் சொல்ல முடியாது. லேப்டாப் மாடல், கிராபிக்ஸ் கார்டு, எந்த லினக்ஸ் எந்தப் பதிப்பு, லோகோ வந்ததா, கேப்ஸ் லாக் எரிந்ததா, கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 என்ன காட்டியது, கறுப்பாகும் முன் கடைசியாக என்ன செய்தீர்கள் என்று எழுதி, எடுத்து வைத்த படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். படத்தில் வைஃபை பாஸ்வேர்டு போன்ற எதுவும் விழுந்திருக்கிறதா என்று அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.